பத்தாயிரம் பிராங்க் மஹர்

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
12 ஏப்ரல் 1961

மதிப்பிற்குரிய அப்துல் ரவூப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்யாணம் பேசியிருக்கும் பெண், மாப்பிள்ளைக்குத் தானே கடிதம் எழுதுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. என் மாமா ஹனீபாதான் எழுதச் சொன்னார். அவர் சேஞ்ச் அல்லியில் நோட்டு மாற்றும் கடை வைத்திருக்கிறவர். கப்பல் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. "நீதான் டீச்சராச்சே, நீயே எழுது புள்ளே. சாமான் விஷயம் மட்டும் எழுது" என்றார். எழுதி முடித்ததும் அவர் படிப்பார். எனவே சாமான் விஷயம்.

நிக்காஹ் ஜூன் கடைசி ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாததால், இங்கே இருக்கும் உங்கள் பெரியம்மா மகன் சேக் தாவூது காக்கா உங்கள் சார்பில் சபையில் உட்கார்ந்து ஒப்புக்கொள்வார். ஜூலையில் என்னைக் கப்பலேற்றுவதாகத் திட்டம். அதற்குள் மாமாவுக்குத் தெரியவேண்டியவை: தையல் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம், அதற்கு உங்கள் துறைமுகத்தில் வரி உண்டா? பித்தளை, அலுமினியப் பாத்திரங்களுக்கு? நகைக்கு? பட்டுச் சேலை எத்தனை வரை விடுவார்கள்? கையில் எவ்வளவு ரொக்கம் கொண்டுவரலாம்? நீங்கள் சரக்கு விடுவிக்கும் கம்பெனியில் எழுத்தராக இருப்பதால் இதெல்லாம் விரல்நுனியில் இருக்கும் என்று மாமா சொல்கிறார். எனக்கு நீங்கள் தரவேண்டிய மஹர்ப் பணம் பத்தாயிரம் பிராங்க் என்று நீங்கள் எழுதியதில் அவருக்குப் பெரிய திருப்தி. தேக்கா மார்க்கெட்டில் மீன் விற்கிறவருக்கும் இப்போது அது தெரியும்.

இப்படிக்கு,
ருக்கையா

மாமா படித்துவிட்டு, "நல்லாருக்கு, ஒட்டு" என்று உறையை என்னிடமே கொடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் செங்கல் நூலகத்தில் பெரிய உலகப்படப் புத்தகம் ஒன்று எடுத்துப் பார்த்தேன். நியூ கலிடோனியா இரண்டு பக்கங்களுக்கும் நடுவே தையலுக்குள் போய்விட்டது. இரண்டு ஓரங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. நீங்கள் இருக்கும் நூமியா உள்ளே மாட்டிக்கொண்டது. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது சொல்லுங்கள்.


நூமியா
24 ஏப்ரல் 1961

ருக்கையா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதியிருக்கிறேன். மாமாவிடம் காட்டலாம்.

இந்தத் தீவில் இறங்குகிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் சுங்கத்துக்கு அவர் மூன்று வகையில் ஒன்று. ஒன்று, பார்க்க வந்தவர். அவர் பெட்டியில் உள்ள துணிமணி, கொஞ்சம் சிகரெட், ஒரு சீசா அத்தர் என்றால் விட்டுவிடுவார்கள். விலை உயர்ந்த பொருள் எதையாவது கொண்டுவந்தால், திரும்பும்போது அதையும் கொண்டு போகவேண்டும். இரண்டாவது, குடியேற வருகிறவர். மூன்றாவது, இங்கே இருக்கும் கணவனிடம் வந்து சேரும் மனைவி. இந்த இரண்டு பேருக்கும் வீட்டுச் சாமான் வரியில்லாமல் வரும். ஆனால் அது புழங்கிய சாமானாக இருக்கவேண்டும். கடைப்பெட்டி பிரிக்காத தையல் மெஷின் என்றால் வரி. உடம்பில் போட்டிருக்கும் நகைக்குத் தொல்லை இல்லை. பெட்டிக்குள் புதிதாகப் பளபளத்தால் கேள்வி வரும். ரொக்கம் எவ்வளவும் கொண்டுவரலாம், இறங்கும்போது சொல்லிவிடவேண்டும். இங்கிருந்து எடுத்துப்போவதற்குத்தான் வரம்பு. மண்ணோடு எந்தச் செடியும் கூடாது. கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்த ஒரு புதுச்சேரி அம்மாள் துறைமுகத்திலேயே அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இது வரை மாமாவுக்கு.

கடல் மூன்று பக்கம். நான்காவது பக்கம் நிக்கல் உருக்கும் ஆலையின் புகை. நான் காரைக்காலில் பிறந்து சைகோனில் வளர்ந்தவன். சைகோனில் எங்கள் ஆட்களின் கடைகள் மூடத் தொடங்கியபோது, வாப்பா ஊருக்குத் திரும்பினார். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் இங்கே வேலை கிடைத்தது. தமிழ் பேச என்னையும் சேர்த்து ஆறு பேர். அதில் இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த ஊர் நாணயம் ஒன்றை அனுப்பலாம் என்று பார்த்தேன். கடிதத்தில் காசு வைத்து அனுப்பக்கூடாது என்பது விதி. அதனால் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருக்கிறேன். அந்தப் பறவைக்குக் காகு என்று பெயர். அதற்குச் சிறகு உண்டு, பறக்காது. நாய் போலக் குரைக்கும். இதில் பொய் இல்லை.

என் புகைப்படமும் வைத்திருக்கிறேன்.

அப்துல் ரவூப்


தமிழ்ப் பள்ளிக்கூடம், செம்பவாங்
6 மே 1961

மதிப்பிற்குரியவருக்கு,

மேலே இருக்கும் முகவரியைக் கவனியுங்கள். இனி இந்த முகவரிக்கே எழுதுங்கள். கடற்படைத் தளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே பாடம் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் கடிதத்தை முதலில் மாமா படிக்கிறார், பிறகு உம்மா படிக்கச் சொல்லிக் கேட்கிறார், அதன்பின் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்துவிடுகிறார். குரைக்கும் பறவையைப் பற்றி எங்கள் தெருவுக்கே தெரியும். என் முறை வருவதற்குள் அது கொஞ்சம் களைத்துப்போய்விட்டது.

புழங்கிய சாமானுக்கு வரியில்லை என்று நீங்கள் எழுதினாலும் எழுதினீர்கள், வீட்டில் ஒரே அமளி. மாமா புது மெஷினைப் பெட்டியிலிருந்து இறக்கி நடுவீட்டில் வைத்து, "இதப் பழசாக்கு" என்று உம்மாவுக்கு உத்தரவு போட்டார். உம்மா தலையணை உறைகளாகத் தைத்துத் தள்ளுகிறார். எங்கள் வீட்டில் தலை நாலு, உறை நாற்பது. புதுப் பாத்திரங்களில் தினமும் சோறு பொங்கி, அடியில் கரி பிடிக்கவிடுகிறோம். நேற்று மாமா ஒரு அண்டாவைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் பளபளங்குதே, அடுப்புல நல்லா வைக்கலயா?" என்றார். "வாங்கும்போது பளபளன்னு இருக்கணும்னு கடைக்காரர்கிட்ட சண்ட போட்டது யாருலா?" என்று உம்மா கேட்டார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது வேறு ஒன்று தோன்றியது. செம்பவாங் வரும் பாதையில் ரப்பர் தோட்டங்கள் ஆரம்பித்ததும் எனக்கு யோசனையும் ஆரம்பித்துவிடும். இத்தனை சாமானும் உங்கள் சுங்கத்தைக் கடக்கவேண்டும் என்றால் நான் மூன்றாவது வகையாக, மனைவியாக, இறங்கவேண்டும். அதனால் நிக்காஹை இங்கேயே முடித்துவிட மாமாவுக்கு அவசரம் இன்னும் கூடிவிட்டது. சேக் தாவூது காக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். வெற்றிலை போடுவார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். அவர் சபையில் ஒப்புக்கொள்வார். நான் உள்ளே சம்மதம் என்பேன். அதற்குப் பிறகு கப்பலேறி வந்து, யாருக்குச் சம்மதம் சொன்னேன் என்று பார்ப்பேன். உங்கள் புகைப்படத்தில் தொப்பி நிழல் மூக்கு வரை விழுந்திருக்கிறது. தாடை நன்றாகத் தெரிகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஒரு பெண் கல்யாணம் ஆகாமல், மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு மட்டும் உங்கள் தீவில் வந்து இறங்கினால், அவள் எந்த வகை?

ருக்கையா


நூமியா
17 மே 1961

ருக்கையா அவர்களுக்கு,

உங்கள் கேள்வியை கம்பெனியில் எனக்கு மேலே இருக்கும் பிரெஞ்சுக்காரரிடம் கேட்டேன். யாருக்காக என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பார்க்க வந்தவள். மாப்பிள்ளையும் பார்க்கவேண்டிய பொருள்தானே?" என்று சொல்லிச் சிரித்தார். அன்று மத்தியானம் முழுவதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். யாருக்காக என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஆக, விதியில் இடம் உண்டு. ஒரு பெட்டி கொண்டுவரலாம். தையல் மெஷினும் அண்டாக்களும் வரமுடியாது. தங்குவதற்கு ஒரு ஜாவாக்காரர் குடும்பம் இருக்கிறது, நல்ல மனிதர்கள், தொழுகிற வீடு. தனி அறை தருவார்கள். விசாரித்துவிட்டேன்.

ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை தயங்குகிறது. மனைவி வருகிறாள் என்று நினைத்து ஒரு அடுப்பும் இரண்டு நாற்காலியும் வாங்கி வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர் பார்த்துவிட்டுத் திரும்பியும் போகலாம். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. உங்கள் மாமா இதற்குச் சம்மதிப்பாரா என்பதைவிட, எனக்குச் சம்மதமா என்றே தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்து எழுதலாம் என்றிருந்தேன். சிட்னி வழியாகப் போகும் தபால் இன்று கட்டுகிறார்கள் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

நீங்கள் எப்படி வந்தாலும் சரி, சிட்னியில் காசு மாற்றும்போது கவனம். அங்கே சில கடைகளில் பாரிஸ் பிராங்க்கை நீட்டுவார்கள். எங்களுடையது பசிபிக் பிராங்க். சைகோனில் பியாஸ்டர் நோட்டு அச்சிட்ட அதே இந்தோசீனா வங்கிதான் இதையும் அச்சிடுகிறது. எங்கள் பிராங்க் பதினெட்டும் கொஞ்சமும் சேர்ந்தால்தான் பாரிஸின் புது பிராங்க் ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு மாதச் சம்பளம் ஒரு நாளில் போய்விடும்.

தொப்பி இல்லாத படம் இல்லை. எடுத்து அனுப்புகிறேன்.

ரவூப்


செம்பவாங்
30 மே 1961

ரவூப் அவர்களுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் மொட்டைமாடியிலிருந்தே புகை தெரிந்தது. பெருநாள் பிரியாணி அப்படியே இருக்க, எல்லோரும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடில்லை. பள்ளிக்கூடங்களில் தங்க வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் தாமதம் என்று எழுத நினைத்தேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி.

பதினெட்டும் கொஞ்சமும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் பாட நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பாரிஸ் புது பிராங்க் ஒன்றுக்கு மாமா தன் கடையில் அறுபத்திரண்டு காசு போடுகிறார்; நூறு காசு எங்கள் ஊரில் ஒரு வெள்ளி. பத்தாயிரம் பிராங்க் மஹர் என்றதும் அவர் மனத்தில் ஓடியது ஆறாயிரத்து இருநூறு வெள்ளி. அதைக் கேட்டுத்தான் மெஷின் வாங்கினார், அண்டா வாங்கினார், உம்மாவின் பழைய சங்கிலியை அழித்து எனக்குப் புதிதாகச் செய்தார். "மஹரே இவ்வளவு கொடுக்கிற மாப்பிள்ள, பார்க்கணும் பழகணும்னு இழுத்துக்கிட்டிருந்தா வேற எவனாவது கொத்திட்டுப் போயிருவான்" என்று நிக்காஹுக்கு நாள் குறித்தார். உங்கள் பசிபிக் கணக்கில் அது முந்நூற்று நாற்பது வெள்ளிச் சொச்சம்.

முந்நூற்று நாற்பது குறைவு என்று நான் சொல்லவில்லை. மஹர் என்னுடையது, எனக்கு அது போதும். நான் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. நீங்கள் வெறும் பிராங்க் என்று எழுதினீர்கள். சைகோனில் வளர்ந்தவர், பாரிஸ் பிராங்க்கும் தெரிந்தவர், சிட்னிக் கடைக்காரனிடம் கவனம் என்று எனக்கே எச்சரிக்கை எழுதுகிறவர். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நோட்டுக் கடைக்காரர் பிராங்க் என்றால் எதை நினைப்பார் என்று உங்களுக்குத் தெரியாதா?

தெரிந்தும் எழுதினீர்களா? இதற்கு ஒரு வரிப் பதில் போதும்.

ருக்கையா


நூமியா
10 ஜூன் 1961

ருக்கையா அவர்களுக்கு,

தெரியாது.

ஒரு வரி முடிந்துவிட்டது. கீழே உள்ளதை நீங்கள் படிக்கவேண்டியதில்லை.

இங்கே ரொட்டி வாங்கும்போது பிராங்க் என்கிறோம். சம்பளம் பிராங்க். மண்ணெண்ணெய் பிராங்க். ஐந்து வருடமாக வேறு பிராங்க் என் கையில் வந்ததில்லை. கப்பல் சரக்குக்கு மட்டும்தான் அந்தப் பதினெட்டுக் கணக்கு. மஹரை எழுதும்போது நான் சரக்கை நினைக்கவில்லை. மாதாமாதம் எடுத்து வைத்ததை நினைத்தேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான், அதை முழுவதும் எழுதினேன். உலகத்துக் காசையெல்லாம் தடவிப் பார்த்தே சொல்லக்கூடியவர் என்று உங்கள் மாமாவைப் பற்றிச் சேக் தாவூது காக்கா எழுதியிருந்தார். அவருக்கு நான் விளக்கம் எழுதுவது மரியாதையாக இருக்காது என்றுகூட நினைத்திருப்பேன்.

ஏமாற்றுகிறவனா என்று கேட்டதற்காக உங்கள் மேல் கோபம் இருக்கிறது. கேட்காமல் மனத்திலேயே வைத்துக்கொண்டு கப்பலேறி வந்திருந்தால் இதைவிட அதிகக் கோபம் வந்திருக்கும். இரண்டையும் எழுதிவிட்டேன்.

உங்கள் மாமாவுக்கு உண்மைக் கணக்கை எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவர் முகத்துக்கு நேரே நிற்கப்போவது நீங்கள். நிக்காஹ் நாளுக்கு முன்னால் நீங்களே சொல்வதா, என் கடிதம் சொல்வதா என்று முடிவு செய்யுங்கள். சொல்லாமல் விடுவது மட்டும் வேண்டாம். சபையில் என் பெயரால் பத்தாயிரம் பிராங்க் என்று சேக் தாவூது காக்கா சொல்லும்போது, கேட்கிறவர்கள் வேறொரு தொகையை நினைத்துக்கொண்டு தலையாட்டக்கூடாது.

ரவூப்


செம்பவாங்
22 ஜூன் 1961

ரவூப் அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் இல்லை.

கடையில் போய்ச் சொன்னேன். வீட்டில் சொன்னால் உம்மா நடுவில் வருவார். சேஞ்ச் அல்லி உங்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி நிற்கவேண்டிய சந்து. மாமாவின் கடை என்பது ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி. நாணயத்தின் பென்சில் படத்தையும் நான் போட்ட கணக்கையும் பெட்டியின் மேல் வைத்தேன். மாமா காகு பறவையை விரலால் தடவினார். பிறகு கணக்கைப் பார்த்தார். பிறகு மறுபடி பறவையைப் பார்த்தார்.

"பதினெட்டா?"

"பதினெட்டும் கொஞ்சமும்."

"யாரு சொன்னா?"

"அவரே."

பக்கத்துக் கடை சிந்திக்காரர் எட்டிப் பார்த்தார். மாமா தாளைக் குப்புறப் போட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "சத்தமாப் பேசாதே" என்றார். நான் சத்தமாகப் பேசியிருக்கவே இல்லை.

"மாமா, அவரு பொய் சொன்னாருன்னு நெனைக்கிறீங்களா?"

"பொய் சொல்லலடி. சொல்லியிருந்தா நல்லாருக்கும். ஒரு பொய்யன்கிட்ட ஏமாந்துட்டேன்னு சொல்லிக்கலாம். இப்ப என்னன்னு சொல்றது? ஹனீபாவுக்கு நோட்டுத் தெரியலன்னு சொல்லுவானுங்க. இந்தச் சந்துல நான் எப்படி உக்காருவேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறாயிரம், முந்நூறாகச் சுருங்கியதுகூட அவருக்குப் பெரிதில்லை. தேக்கா முழுவதும் ஆறாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறார். இனி எந்தத் தொகைக்கு நிக்காஹ் நடந்தாலும் காரணம் சொல்லவேண்டும். நடக்காவிட்டால் தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம். அன்று சாயங்காலமே சேக் தாவூது காக்காவைக் கூப்பிட்டு, ஜாதகம் பார்க்கிற வழக்கம்கூட நமக்கு இல்லை, அப்படியிருக்க என்ன சாக்குச் சொல்வது என்று இருவரும் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில், பெண்ணுக்குப் பள்ளிக்கூட வேலையை விட மனமில்லை என்று முடிவு செய்தார்கள். அதாவது நான்தான் காரணம்.

மாமா தையல் மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாப் புழங்கியிருக்கே" என்று மறுத்துவிட்டார். உம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் அடுப்படிக்கு ஓடினார். அண்டாக்களையும் தலையணை உறைகளையும் தீயில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினோம். அங்கே யாரும் புதுசா பழசா என்று கேட்கவில்லை.

உங்களிடம் அப்படிக் கேட்டதற்காக வருந்துகிறேன். அதே நேரத்தில், கேட்டதால்தான் உங்கள் பதில் கிடைத்தது. அந்தப் பதிலை நான் பலமுறை படித்துவிட்டேன், படிக்கவேண்டியதில்லை என்று எழுதியிருந்த பகுதியைத்தான்.

பார்க்காமல் கல்யாணம் வேண்டாம் என்று நினைத்தேன். கல்யாணம் போயிற்று, பார்ப்பதும் அதோடு போயிற்று. நாம் இனிக் கடிதம் எழுதுவதற்கு யாரிடமும் காரணம் இல்லை. அதனால் இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

ருக்கையா


நூமியா
5 ஜூலை 1961

ருக்கையா அவர்களுக்கு,

இது காரணம் இல்லாத கடிதம். இதற்கு முன் இப்படி ஒன்று நான் யாருக்கும் எழுதியதில்லை. மூன்று முறை கிழித்துவிட்டேன். நான்காவது முறை எனக்குத் தெரிந்த பாஷையிலேயே எழுதலாம் என்று தோன்றியது.

எனவே ஒரு விசாரணை. பசிபிக் பிராங்க் புழங்கும் ஊரிலிருந்து ஒரு ஆள் சிங்கப்பூருக்குப் பார்க்க வந்தால், அவரிடம் உங்கள் துறைமுகத்தில் என்ன கேட்பார்கள்? என்ன கொண்டுவரலாம்? என்ன கூடாது?

விவரம் இதுதான். எனக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை நீண்ட விடுப்பு. இந்த செப்டம்பரில் வருகிறது. மனைவி வந்திருப்பாள், குடித்தனம் போடவேண்டும் என்று எடுக்காமல் விடலாம் என்றிருந்தேன். சிட்னி போய், அங்கிருந்து சிங்கப்பூர்க் கப்பல். இங்கிருந்து ஒருவர் வெளியே எடுத்துப்போகும் பணத்துக்கு வரம்பு இருக்கிறது என்று முதலில் எழுதியிருந்தேன். அந்த வரம்பையும் என் கையிருப்பையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கலாம். அதற்கு மேல் முடியாது.

உண்மைக் கணக்கு என்றால் முழுக் கணக்கு. கப்பல் டிக்கெட்டுக்குப் போகும் பணம் அந்தப் பத்தாயிரம்தான். வந்து சேரும்போது மஹர் என்று கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. மறுபடி சேர்க்க வருடக்கணக்காகும். இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் வரவேண்டாம் என்று எழுதினால் வரமாட்டேன். கோபமும் இருக்காது.

பார்க்க வருகிறவர் திரும்பிப் போகலாம் என்பது பயமாக இருக்கிறது என்று நான் எழுதினேன். அந்தப் பயத்தை உங்கள் மேல் போட்டுவிட்டு நான் இரண்டு நாற்காலியோடு இங்கே உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பெட்டியைத் திறந்து காட்டுவது நானாக இருக்கட்டும்.

தொப்பி இல்லாத படம் எடுத்தேன். அனுப்பவில்லை. படத்தை வைத்து முடிவு செய்துவிடக்கூடாது.

ரவூப்


செம்பவாங்
18 ஜூலை 1961

ரவூப் அவர்களுக்கு,

விசாரித்துவிட்டேன். பள்ளிக்கூடம் அரை நாளாக இருந்த அன்று நேரே துறைமுகத்துக்குப் போய்ச் சுங்க அலுவலகத்தில் கேட்டேன். அங்கே இருந்தவர் ஒரு மலாய்க்காரர், பெரிய மீசை. யாருக்காக என்று கேட்டார். "ஒரு மாப்பிள்ளைக்காக" என்று வாய் வரை வந்தது, "ஒரு பயணிக்காக" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இது வரியில்லாத் துறைமுகம் சிக்கு, சாராயம், புகையிலை, பெட்ரோல் இந்த மாதிரி சிலதுதான் நாங்க பார்ப்போம். உங்க பயணி பெட்ரோல் கொண்டு வரமாட்டாரே?" என்றார். டீச்சர் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்; மலாயில் டீச்சரை சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. உங்களுக்கு நீளமாக எழுதலாம் என்று பென்சிலைச் சீவிக்கொண்டு போயிருந்தேன். உங்கள் ஊரில் தையல் மெஷினுக்கு ஒரு சட்டம், செடிக்கு ஒரு சட்டம், மனைவிக்கு ஒரு சட்டம். எங்கள் ஊரில் எதைக் கொண்டுவந்தாலும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறேன், இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. துறைமுகம் கேட்காத கேள்விகளை எல்லாம் வீடுகள் கேட்டுக்கொள்ளும் என்று விட்டிருக்கிறார்கள் போல.

ஆகவே வீட்டு விதிகளை எழுதுகிறேன். உம்மாவிடம் முதலில் சொன்னேன். "சாப்பாட்டுல காரம் எந்த அளவுன்னு கேட்டியா?" என்றார். அதுதான் அவருடைய சம்மதம். மாமாவிடம் உம்மா சொன்னார். இரண்டு நாள் மாமா என்னைக் கண்டதும் பத்திரிகையை விரித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தத் தம்பி காசு மாத்தணும்னா வேற எங்கயும் போகச் சொல்லாதே, என் கடைக்கு வரச் சொல்லு. இந்தச் சந்துல பசிபிக் பிராங்க்குக்கு ரேட்டு போடுற ஒரே ஆளு நான்தான்னு ஆகட்டும்" என்றார். இப்போது தினமும் அதைப் பற்றிப் பக்கத்துக் கடைக்காரருக்கு வகுப்பு எடுக்கிறாராம். சேக் தாவூது காக்கா வீட்டில் நீங்கள் தங்கலாம். வெற்றிலை மறுத்தால் வருத்தப்படுவார். ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. முன்னறையில் உட்கார்ந்து நாம் பேசலாம், உம்மா அடுப்படியில் இருப்பார், கதவு திறந்திருக்கும். நூலகத்துக்கும் போகலாம், உம்மாவும் வருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது, படம் பார்ப்பார்.

மஹர் விஷயம். பத்தாயிரமும் கப்பலுக்குப் போகட்டும். மஹர் எவ்வளவு என்று கேட்க மார்க்கம் எனக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை, நீங்களும்தான். கேட்கும் நாள் வந்தால், நானே யோசித்து, எந்த நாட்டுக் காசில் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அப்படி ஒரு நாள் வரும் என்று இந்தக் கடிதத்தில் நான் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியாத ஒன்றை உங்களுக்கு எழுத முடியாது. வாருங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

குடிநுழைவு அலுவலகத்திலும் கேட்டேன். அங்கே ஒன்று நிச்சயமாகப் பார்ப்பார்களாம். பார்க்க வருகிறவரிடம் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கவேண்டும். இல்லையென்றால் இறங்க விடமாட்டார்கள். நீங்கள் இறங்கியதும், அந்த டிக்கெட்டைக் கப்பல் கம்பெனியில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளலாம், அது நிக்காஹ் செலவுக்கு ஆகும் என்று சேக் தாவூது காக்கா யோசனை சொல்வார். அவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து அவர் பேச்சைக் கேட்காதீர்கள். நாம் பேசி முடிக்கும் வரை அது உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நீங்கள் திரும்பிப் போகக்கூடியவராக உட்காருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லக்கூடியவளாக உட்காருகிறேன். அப்படி இரண்டு பேர் எங்கள் முன்னறையில் இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

ருக்கையா